சத்தியத்துக்கு மறுநாள்

சென்ற ஆண்டு நமது பாடசாலை மண்டபத்தில் மதுவொழிப்பு விழாவொன்று நடைபெற்றது. மங்கல விளக்கேற்றினார்கள், தேவாரம் பாடினார்கள், மூன்று பெரியவர்கள் மூன்று மணி நேரம் பேசினார்கள். ஈற்றில், ஊரறிந்த குடிகாரர் ஒருவரை மேடைக்கு அழைத்து, எரியும் கற்பூரத்தின் முன் சத்தியஞ் செய்வித்து, மாலையிட்டுப் படமும் பிடித்தார்கள். மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. அவருடைய மகன் நமது ஒன்பதாந் தர வகுப்பு மாணவன். அவன் கைதட்டவில்லை; தலைகுனிந்து இருந்தான். மறுநாள் அந்த மனிதருக்கு என்ன நேரும் என்று அம்மண்டபத்திலிருந்த நானூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

மறுநாள் நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் ஒரு மேசன். பதினைந்து ஆண்டுகளாகச் சாராயமும், கையில் காசு குறைந்த நாட்களிற் கசிப்புமாகக் குடித்து வந்தவர். சத்தியஞ் செய்த மறுநாட் காலையிலேயே கை நடுங்கத் தொடங்கியது, வாந்தி எடுத்தார், உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வீட்டிலுள்ளோர் மகிழ்ந்தனர், உள்ளேயிருந்த நஞ்சு இறங்குகிறது என்றனர். இரண்டாம் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள், சுவரிலே பூச்சிகள் ஊர்கின்றன என்று கூறிக் கைகளால் தட்டிக் கொண்டிருந்தார். பெற்ற மகனையே யாரென்று கேட்டார். முனி அடித்துவிட்டது என்றனர் அயலார். பூசாரியார் வந்தார், தேசிக்காய் வெட்டினார், திருநீறு போட்டார். சனசமூக நிலையத்து இளைஞன் ஒருவன் மட்டும் பிடிவாதமாக ஓட்டோவைக் கொண்டுவந்து, அவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றான். அங்கே வாசலில் ஒருவர், “குடிகாரனுக்குக் கட்டில் ஒரு கேடோ?” என்று கேட்டாராம். நல்லகாலம், கடமையிலிருந்த இளம் வைத்தியர் நோயை அறிந்தவர். ஒன்பது நாட்களின் பின் மேசன் உயிரோடு வீடு திரும்பினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமது பெரியவர்களுக்கும் மகிழ்ச்சி. நமக்கும் எழுதவேண்டிய தேவையிராது. ஆனால் உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்கியது. நான்காம் கிழமை அவர் வேலைக்குச் சென்றார். சாரத்தில் நின்று பூச்சுப் பூசுகையில் கை நடுங்கியது. கீழே நின்ற ஒப்பந்தகாரர், “நீ இன்னும் போடுறாய், சத்தியமெல்லாம் படம் பிடிக்கத்தான்” என்று கூறி, பலர் முன்னிலையில் அவரை இறக்கி அனுப்பிவிட்டார். அன்று மாலை அவர் நமது வீட்டுப் படலையடியில் வந்து நின்றார்.

“மாஸ்ரர், பிள்ளையாரறிய ஒரு துளி தொடேல்லை. ஆனாக் கை நடுங்குது. இரவில கண்ணை மூடேலாமக் கிடக்கு. உள்ளங்கால் நெருப்பா எரியுது. குடிக்கேக்கை இப்பிடி நடுங்கேல்லை; விட்டாப்பிறகுதான் நடுங்குது. அப்ப நான் விட்டது பிழையோ?”

“பிழையில்லை அண்ணை” என்றோம். ஆனால் ஏன் பிழையில்லை என்று விளக்க நமக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற நாம், ஒரு மனிதனின் நேர்மையான வினாவுக்கு விடையின்றி நின்றோம். பின்னர் அந்த இளம் வைத்தியரைத் தேடிச் சென்று கேட்டோம், படித்தோம். நாம் வைத்தியரல்லர். எனினும், அறிந்துகொண்டதை ஊருக்குச் சொல்வது ஆசிரியனின் தொழில்.

மது, மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். மூளையிலே கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்ற இரசாயனத்தின் வேலையை அது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் ‘குளூட்டமேற்று’ என்பதன் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும், ஆண்டுதோறும் இவ்வாறு அமுக்கப்படும் மூளை சும்மா இருப்பதில்லை. அமுக்கத்துக்கு ஈடாகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டு ஒரு சமநிலையைத் தேடுகிறது. நமது பழைய கிணறுகளின் துலாவை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையில் நீர் நிறைந்த பட்டை, மறுமுனையிற் பாரம். பட்டையின் கயிறு திடீரென அறுந்தால் துலா என்ன செய்யும்? பாரமுள்ள பக்கம் வெடுக்கென்று சரிய, மறுபக்கம் வானுக்கு எகிறும். ஆடி ஆடித்தான் ஓயும். குடியைத் திடீரென நிறுத்திய மூளையின் நிலையும் அதுவே. நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பயம், வாந்தி, தூக்கமின்மை ஆகிய அனைத்தும் அந்த ஆட்டத்தின் வெளித்தோற்றங்களே.

இந்த ஆட்டத்துக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதாயின், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துள் வரும். மிகக் கொடியதாகிய சித்தமயக்கம், அதாவது நாளும் ஆளும் தெரியாமற் குழம்பி இல்லாததைக் காணும் நிலை, 48 முதல் 96 மணி நேரத்துள் தோன்றும். உரிய சிகிச்சை இல்லாவிடில் அது உயிரையே பறிக்கும். நமது மேசனின் சுவரில் ஊர்ந்த பூச்சிகள் முனியின் வேலையல்ல. மூன்றாம் நாளின் வேலை. இதை ஊரில் ஒருவராவது அறிந்திருந்தால், தேசிக்காய் வெட்டிய நேரத்தில் அவர் வைத்தியசாலையில் இருந்திருப்பார்.

இங்கே நமது பண்டிதர்கள் குறுக்கிடுவார்கள். “மனவுறுதி உள்ளவனுக்கு இவையொன்றும் வாரா, நடுக்கமும் வலிப்பும் ஒழுக்கங் கெட்டவனின் சாட்டு” என்பார்கள். விழா மேடையிலும் இதைத்தான் வேறு சொற்களாற் சொன்னார்கள்.

அவர்களுக்கு ஒரு பரிசோதனையை நினைவூட்டுவோம். 1955ஆம் ஆண்டு, ஹரிஸ் இஸ்பெல் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் தாம் செய்த ஆய்வொன்றை வெளியிட்டனர். முன்னர் மோர்பீனுக்கு அடிமையாயிருந்து அங்கே தண்டனைக் கைதிகளாக இருந்த பத்துப் பேருக்கு, நல்ல உணவுடன் நாள்தோறும் பெருமளவு மது கொடுத்து, பின்னர் திடீரென நிறுத்தினர். நீண்ட நாட்கள் குடித்தவர்களிற் சிலருக்கு வலிப்பு வந்தது. சிலருக்குச் சித்தமயக்கம் வந்தது. கைதிகளின் உடலை இவ்வாறு பயன்படுத்தியதை நாம் நியாயப்படுத்தவில்லை. அது தனியே கண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் அவ்வாய்வு நிறுவிய உண்மையை மறுக்க முடியாது. உணவுக் குறைவினால் மட்டுமோ, குணக்கேட்டினாலோ அல்ல, பழகிய மது நின்றுபோவதனாலேயே வலிப்பும் மயக்கமும் வருகின்றன. எந்தப் பண்டிதரின் மூளையைப் பதினைந்து ஆண்டுகள் மதுவில் ஊறவைத்துத் திடீரென வெளியே எடுத்தாலும் அதுவும் ஆடத்தான் செய்யும். இலக்கணம் தெரிந்த மூளைக்கு என்று தனிச் சலுகை இல்லை.

மேடையிலே திருக்குறளும் வந்தது. கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒரு பேச்சாளர் முழுமையாக ஒப்புவித்தார். அது 93ஆம் அதிகாரம். நாமும் வகுப்பிலே கற்பிக்கிறோம். ஆனால் இரண்டே அதிகாரங்கள் தாண்டினால், 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதை அவர் ஏன் மறந்தார்? நோய் இன்னதென்றும், அது வந்த காரணம் இன்னதென்றும், தணிக்கும் வழி இன்னதென்றும் ஆராய்ந்து செய்க என்று அங்கே வள்ளுவர் வைத்தியனுக்குக் கூறுகிறார். அவ்வதிகாரத்தை முடிக்கும்போது, வைத்தியமென்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்ற நான்கும் சேர்ந்தது என்கிறார். நமது விழாவில் அந்த நான்கில் எது இருந்தது? நோயாளி மட்டும் இருந்தான். அவனுக்கும் மாலையிட்டு வாயை அடைத்துவிட்டோம். வைத்தியன் இல்லை, மருந்து இல்லை, பேணுபவன் இல்லை. வள்ளுவரை அரைகுறையாய் ஒப்புவிப்பது வள்ளுவருக்குச் செய்யும் மரியாதையன்று.

மனவுறுதியை நாம் இகழவில்லை. அது வேண்டும், மிக வேண்டும். ஆனால் மனவுறுதி குடிக்காமலிருக்க உதவுமேயன்றி வலிப்பை நிறுத்த உதவாது. காலொடிந்தவனுக்கு நடக்கும் உறுதி வேண்டும். அதற்கு முன் எலும்பு பொருந்த வேண்டும்.

இன்னொன்று. திருவிழாவுக்குத் திருவிழா, தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் எனச் சத்தியஞ் செய்து நிறுத்துவதும், மறுமாதம் தொடங்குவதும் நமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வாறு பன்முறை நிறுத்தித் தொடங்குவோருக்கு, அடுத்தடுத்த முறைகளில் வலிப்பும் மயக்கமும் கடுமையாகக்கூடும் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் வைத்திய உதவியின்றி வாங்கப்படும் ஒவ்வொரு சத்தியமும் அடுத்த சத்தியத்தை மேலும் ஆபத்தாக்குகிறது. கரகோஷஞ் செய்வோர் இதனைச் சிந்திப்பார்களாக.

முதற் கிழமையின் ஆபத்தை இதுவரை பேசினோம். அதைக் கடந்தவனின் நிலை பற்றியே சமுதாயம் முற்றாகக் கண்மூடி நிற்கிறது. முதற் கிழமையிற் செத்தால் ‘ஐயோ’ என்பார்கள். நான்காம் கிழமையில் நடுங்கினால் ‘நாய் வாலை நிமிர்த்தேலாது’ என்பார்கள். மருத்துவ நூல்கள் இந்த நீண்ட பின்காலத்துக்கு ஒரே பெயரையும் ஒரே எல்லையையும் இன்னும் வகுக்கவில்லை. ஆயினும் அது உண்டு என்பதை, குடியை விட்ட எவரிடமும் பொறுமையோடு கேட்டால் அறியலாம். தூக்கம் திரும்பக் கிழமைகள் அல்ல, மாதங்களும் ஆகலாம். தூங்கினாலும் குடிப்பதாகவே கனவு வரும். வியர்த்து விழித்து, உண்மையிலேயே குடித்துவிட்டோமோ என்று பதறுவார்கள். காரணமின்றிக் கோபம் வரும். காரணமின்றி அழுகை வரும். இனிப்பு தின்னும் ஆசை பெருகும். நேற்றுக் கேட்டது இன்று நினைவில் நில்லாது. எதிலும் சுவையில்லாத ஒரு வெறுமை நெஞ்சில் அமர்ந்துகொள்ளும். நரம்புகள் பழுதடைந்த கால்களில் எரிவும் விறைப்பும் நெடுநாள் நிற்கும்.

இவையெல்லாம் தோல்வியின் அடையாளங்களா? அன்று. உடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வேலையின் அடையாளங்கள். அந்த வேலைக்குக் காலம் வேண்டும். நமது செங்குருதிக் கலமொன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். பழைய இரத்தம் முழுதும் புதிதாக மாறவே நான்கு மாதங்கள் செல்லும். கொழுப்புப் படிந்த ஈரல், இறுகிப் போகும் நிலையை அடையாதிருப்பின், குடியை விட்ட சில கிழமைகளிலேயே தேறத் தொடங்கும். சுருங்கிய மூளையும் மாதக் கணக்கில் ஓரளவு மீளும். நரம்பு எல்லாவற்றிலும் மெதுவாக மீளும். சிலருக்கு முழுதும் மீளாமலும் போகலாம். ஆகவே மேசனின் வினாவுக்கு விடை இதுதான்: நடுங்குவது விட்டதனால் வந்த கேடன்று, குடித்த காலத்தின் கடன். குடித்தபோது நடுங்காததற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் அந்தக் கடனை மேலும் கடன் வாங்கி மறைத்ததே.

ஆயினும் எல்லா நடுக்கத்தையும் ‘தானாய்ப் போகும்’ என்று விட்டுவிடலும் ஆகாது. நீண்டநாட் குடியர் பலருக்கு விற்றமின் பி1, அதாவது தயமின், மிகவும் குறைந்திருக்கும். அக்குறைவு முற்றினால் கண்ணசைவு தடுமாறும், நடை தள்ளாடும், சித்தங் குழம்பும். 1881இல் ஜேர்மானிய வைத்தியர் கார்ள் வேர்ணிக்கே விவரித்த நோய் இது. உடனே சிகிச்சை செய்யாவிடில், புதிய நினைவெதுவும் நில்லாத நிரந்தர மறதியில் முடியலாம். குடியை விட்டவன் தள்ளாடினால் ‘மறுபடி குடித்துவிட்டான்’ என்று சிரிக்கும் ஊர், ஒரு மூளை அழிவதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதை அறியட்டும். அதைத் தடுக்கும் மருந்தோ மிக மலிவான ஒரு விற்றமின்.

நெருக்கடி நாட்களைத் தணிக்க வைத்தியர்கள் கொடுக்கும் அமைதி மாத்திரைகள் உள்ளன. அவை நாளுக்கு நாள் அளவு குறைத்து, வைத்தியரின் கண்காணிப்பிற் சில நாட்கள் மட்டும் கொடுக்கப்படுபவை. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடியவை. தாமே புதிய அடிமைத்தனமாகவும் மாறக்கூடியவை. மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவோர் ஒரு குழியிலிருந்து ஏறி மறுகுழியில் விழுகிறார்கள்.

இப்பொழுது நமது சொந்த முகாமுக்கு வருவோம். முற்போக்காளராகிய நாம் இவ்விடயத்திற் சுத்தமான கரங்களுடையோமா? நமது தோழர்களிற் சிலர் ஒரு வாய்பாட்டை வைத்திருக்கிறார்கள். “குடி சுரண்டலின் விளைவு, சுரண்டல் ஒழிந்தால் குடியும் ஒழியும், அதுவரை தனிமனிதனைத் திருத்துவது பிற்போக்குவாதிகளின் தருமத் தொழில்” என்பது அந்த வாய்பாடு. இதன் முற்பாதியில் உண்மை உண்டு. நமது முதல் நியமனம் மலையகத்தில் கிடைத்தது. நாம் கற்பித்த இடத்திலே தோட்ட லயன்களுக்குத் தவறணை அருகில், ஆஸ்பத்திரி தூரத்தில். குடியை விட முயன்று நடுங்கிக் கிடந்த தொழிலாளிக்கு அன்றைய பேர் இல்லை. பாதி நாள் தாக்குப்பிடித்தால் அரைப்பேர். நடுக்கத்தை அடக்க ஒரு மிடறு போட்டுக்கொண்டு மலையேறினால் முழுப்பேர். எது அவனை மீண்டும் தவறணைக்குத் தள்ளியது? அவன் குணமா, அந்தக் கணக்கா?

அரசின் கணக்கும் இத்தகையதே. 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள், மக்களின் குடியிலிருந்து வருமானந் தேடிய குடியேற்ற ஆட்சியை எதிர்த்தவை. அந்த ஆட்சி இயற்றிய 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நிலைத்திருக்கிறது. ஆட்சி மாறினாலும் திறைசேரி மதுவரியை எதிர்பார்த்தே நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் புதிதாகக் குடிக்க வருபவனைத் தடுக்கும் சட்டம், ஏற்கனவே குடித்து இன்று விட விரும்புபவனுக்குக் கட்டிலொன்றைத் தராது.

கடையை மூடினாற் போதும் என்போருக்கு 2020ஆம் ஆண்டு பாடம் கற்பித்தது. கொரோனாத் தொற்றின்போது, மார்ச் 20இல் இங்கே ஊரடங்கு பிறந்தது, மதுக்கடைகள் பூட்டப்பட்டன. அயலிலுள்ள கேரளத்திலும் அவ்வாறே பூட்டப்பட்டபோது, விலகல் நோயினாலும் தற்கொலைகளினாலும் கலங்கிய அரசு, வைத்தியரின் சீட்டுக்கு மது வழங்கலாம் என ஆணையிட்டது. வைத்தியர் சங்கங்கள் எதிர்த்தன. உயர்நீதிமன்றம் ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் அவ்வாணையை நிறுத்திவைத்தது. வைத்தியர்கள் கேட்டது சரியே: வேண்டியது சீட்டுக்கு மது அல்ல, சிகிச்சை. மதுக்கடையை ஒரே நாளிற் பூட்டலாம். குடியர்களின் உடலை ஒரே நாளிற் பூட்ட முடியாது என்பதை அன்று உலகம் கண்டது.

ஆகவே தோழர்களின் வாய்பாட்டில் முற்பாதி சரி. பிற்பாதி பிழை, அதுவும் கொடிய பிழை. சுரண்டல் ஒழியும்வரை இந்த மேசன் எங்கே படுத்திருப்பது? நடுங்கும் கையுடன் சங்கக் கூட்டத்துக்கு வரும் தொழிலாளியை நோக்கி, ‘புரட்சி வரட்டும்’ என்பதும், ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்பதும் ஒன்றே. காசநோய்க்கும் வறுமை காரணமே. அதற்காகக் காசநோயாளிக்கு மருந்து கொடாதிருக்கிறோமா?

வர்க்கம் இங்கே வேறொரு விதத்திலும் தொழிற்படுகிறது. வசதி படைத்த ஒருவர் அளவுமீறிக் குடித்தால், அவர் ‘ஓய்வுக்காக’ தனியார் மருத்துவமனையில் இரண்டு கிழமை தங்குவார். அலுவலகத்துக்கு ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று வைத்தியச் சான்றிதழ் போகும். கூலிக்காரன் அதே நோயோடு கிடந்தால் ‘வெறிகாரன்’. அதோடு, யாழ்ப்பாணத்து மதுவொழிப்பு மேடைகளிற் பழி நெடுங்காலமாக மரமேறும் தொழிலாளர்மீதே சுமத்தப்பட்டு வந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறியவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிவிட்டு, அவன் இறக்கிய கள்ளை வேலிக்குப் பின்னால் வாங்கிக் குடித்த பெரிய மனிதர்களின் பரம்பரையே ஒழுக்கம் போதித்தது. இந்த இரட்டை நாக்கை நாம் மறக்கவில்லை.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோயை விளக்குவது குற்றத்தை மன்னிப்பதாகாது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அடித்தவனே. அவளுக்கு நீதி வேண்டும். குடியை விட்டபின் எரிச்சலினால் கை ஓங்கினாலும் அதற்கும் மன்னிப்பில்லை. மேசனின் மனைவி நம்மிடம் சொன்னது இது: “அவர் குடிச்ச நாளில எப்ப அடி விழும் எண்டு தெரியும் மாஸ்ரர். இப்ப விடியவிடிய இருட்டுக்குள்ள எழும்பி இருக்கிறார். என்ன செய்யப்போறாரோ எண்டு தெரியாமல் நானும் முழிச்சிருக்கிறன்.” பதினைந்து ஆண்டுகள் அடிவாங்கியவளிடமே தாதியின் வேலையையும் சம்பளமின்றி ஒப்படைக்கிறோம். ‘பேணுபவன்’ என்று வள்ளுவர் சொன்னது வீட்டுப் பெண்ணொருத்தியின் தலையில் மட்டும் கட்டுவதற்கல்ல. அது ஊரின் கடமை.

நாம் கேட்பவை பெரியனவல்ல. மதுவொழிப்புக் கூட்டம் எதுவாயினும், சத்தியம் வாங்குமுன் வைத்தியரிடம் அனுப்பும் ஏற்பாடு இருக்கவேண்டும். நாள்தோறும் பெருமளவு குடித்தவன், முன்பு வலிப்புக் கண்டவன் ஆகியோர் வீட்டிலே தனியாகத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதை மேடையிலேயே சொல்லவேண்டும். நடுக்கம் பெருத்தாலோ, வலிப்பு வந்தாலோ, சித்தங் குழம்பினாலோ உடனே வைத்தியசாலை; பூசாரியாரைப் பிறகு பார்க்கலாம். வைத்தியசாலை வாசலில் ஏளனமின்றிக் கட்டில் கிடைக்கவேண்டும். இலவச வைத்தியம் குடியை விடுபவனுக்கும் உரியதே. வேலை கொடுப்போர் முதற் சில மாதங்களுக்குச் சாரத்தில் ஏற்றாமல் நிலத்திலே செய்யும் வேலையைக் கொடுக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாக ஏற்கவேண்டும்.

சனசமூக நிலையங்களுக்கும் வேலை உண்டு. குடியை விட்டவனுக்கு மிக நீண்ட நேரம் மாலை ஐந்து மணிக்குப் பின் வருவது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரும் நேரமும் அதுவே. ஆசை அலைபோல் எழும். எழுந்தபடியே நில்லாது, தணியும். அந்த அலை தணியும் வரைக்கும் பக்கத்தில் ஒரு மனிதன் இருந்தாற் போதும். ஒரு பத்திரிகை, ஒரு தாச்சிப் பலகை, வயிற்றுக்கு ஏதாவது, வீடுவரை கூட நடக்க ஒரு நண்பன்: இவை மருந்துக்கு மாற்றல்ல, ஆனால் மருந்தோடு சேர வேண்டியவை. நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் தேநீர் கோப்பியைத் தவிர்த்தல், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுதல், காலையில் நடை ஆகிய சிறியனவற்றை நமது மேசன் கடைப்பிடித்தார். மந்திரம் போல ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை. மெல்ல மெல்ல நடந்தது.

ஈற்றில் நமது எழுத்தாளர்களுக்கு ஒரு சொல். நமது சிறுகதைகளிற் குடிகாரன் இரண்டு விதமாகவே வருகிறான். ஒன்று, கோமாளி, மற்றது, கொடியவன். திருந்துவதாயின் கடைசிப் பந்தியில், மகளின் கண்ணீரைக் கண்டு போத்தலை உடைத்து, கதையோடு சேர்ந்து திருந்திவிடுகிறான். அந்தக் கதை முடிகிற இடத்திலேதான் வாழ்க்கை தொடங்குகிறது. போத்தலை உடைத்தவனின் ஐந்தாம் நாளை யார் எழுதினார்கள்? நாற்பதாம் இரவை யார் எழுதினார்கள்? யதார்த்தம் என்று முழங்கும் நாம், உடலின் யதார்த்தத்தை எழுதத் தவறினோம். வாசகன் அறியாதிருப்பதிற் பாதிப் பொறுப்பு நம்முடையதே.

மேசன் இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறார். இடையில், மூன்றாம் மாதம், ஒரு நாள் வழுக்கினார். மறுநாட் காலையிலேயே, மறைக்காமல், தாமாகவே வைத்தியரிடம் போனார். ஊர் அதை வீழ்ச்சி என்றது. வைத்தியர் அதை அவர் கற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்றார். நாம் வைத்தியர் பக்கமே நிற்கிறோம். கால் எரிவு இன்னும் முற்றாக நீங்கவில்லை. கை நடுக்கம் குறைந்துவிட்டது. இரவில் ஐந்து மணி நேரம் தூங்குகிறாராம். அவருடைய மகன் சென்ற கிழமை வீட்டு வேலைக் கொப்பியைத் தவறாமற் கொண்டுவந்து தந்தான். மேலுறை செம்மையாகப் போடப்பட்டிருந்தது. “ஆர் போட்டது?” என்று கேட்டோம். “அப்பா, சேர்” என்றான்.

இந்த ஆண்டும் மதுவொழிப்பு விழா நடத்தப் பெரியவர்கள் ஆயத்தஞ் செய்கிறார்கள். கற்பூரம் வாங்கியாயிற்று, மாலைக்கும் சொல்லியாயிற்று. வைத்தியருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டோம். இன்னும் இல்லை என்றார்கள். சொல்லும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். வாசகர்களே, உங்கள் ஊர் மண்டபத்திலும் எழுந்து நின்று கேளுங்கள்.